பிரேக்கை மிதிக்காத கால்

நம் கார் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி மேனேஜர் கேட்டபோது, "எனக்கு வேற வேலை இல்லையா?" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை இருக்கிறது என்று என் வீட்டுக்காரி பக்கத்திலிருந்து கேட்டாள். நியாயமான கேள்விதான். அதனால் உட்கார்ந்திருக்கிறேன்.

இன்ஜினைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல அதிகமில்லை. நான் சேர்ந்த காலத்தில் நம் கார்களில் பெரிய எட்டு சிலிண்டர் இன்ஜின் இருந்தது. ஸ்டார்ட் செய்தால் பானெட்டுக்கு அடியில் யாரோ பெரிய மனிதர் தொண்டையைக் கனைப்பது போலிருக்கும். பிறகு பன்னிரண்டு சிலிண்டர் வந்தது. இப்போது சிலிண்டரைக் குறைத்து, துணைக்கு மின்மோட்டார் வைத்து, சத்தமே இல்லாமல் கிளம்புகிறது. சீமைக் கார் என்று பெருமைப்பட்டு வாங்குகிறவர்கள், "இன்ஜின் ஓடுதா, நின்னுபோச்சா?" என்று கேட்கிறார்கள். இதையெல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்துவிட்டு வந்திருப்பீர்கள்.

பிளாட்பாரமும் அப்படித்தான். மூன்று நான்கு மாடல்களுக்கு அடியில் ஒரே கட்டுமானம், ஒரே மின் அமைப்பு, ஒரே மாதிரி சென்சார்கள். மேலே தோலும் மரமும் மட்டும் வேறு. நான் வீட்டில் பிளாட்பாரம், பிளாட்பாரம் என்று பேசுவதை என் வீட்டுக்காரி ரொம்ப நாள் ரயில்வே பிளாட்பாரம் என்றே நினைத்திருந்தாள். தினமும் திருத்தணியிலிருந்து ரயிலேறி சென்னைக்கு வேலைக்குப் போகிறவன் பேசினால் வேறென்ன நினைப்பாள்?

நான் சொல்ல வந்தது, வாயில்லாத காருக்கும் வாயுள்ள மனிதனுக்கும் நடுவில் நாம் மாட்டிக்கொண்டு நிற்கும் நேரத்தைப் பற்றி. அந்த நேரத்தில் எனக்குக் கைகொடுத்தவர் எங்கள் பழைய ஃபோர்மேன். பெயர் வேண்டாம். பாராட்டினால் அவருக்குக் கோபம் வரும், இப்போதும் வரும்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு வாடிக்கையாளர் எட்டு சிலிண்டர் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். "வண்டிக்குள்ள சர்க்கரைப் பாகு வாசனை வருது" என்றார். நாங்கள் எல்லோரும் திரும்பி நின்று சிரித்தோம். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தால் ஒரு கோளாறும் காட்டவில்லை. "குழந்தைங்க எதையாவது கொட்டியிருக்கும் சார்" என்று சொல்லி அனுப்பப் பார்த்தோம். ஃபோர்மேன் மட்டும் காருக்குள் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, ஹீட்டரைப் போட்டு உட்கார்ந்திருந்தார். இறங்கி வந்து என்னைக் கூப்பிட்டார். "நீ திருவாலங்காட்டுப் பக்கம்தானே? ஆலை ஓடறப்போ வாசனை எப்படி இருக்கும்? உள்ள ஏறிப் பாரு." ஏறினேன். சர்க்கரை ஆலை வாசனையேதான். இன்ஜினைக் குளிரவைக்கும் கூலன்ட் உள்ளே எங்கோ கசிந்து, சூட்டில் ஆவியாகிக்கொண்டிருந்தது. கூலன்டுக்கு அந்தத் தித்திப்பு வாசனை உண்டு. இன்னும் ஒரு வாரம் ஓடியிருந்தால் இன்ஜின் வெந்துபோயிருக்கும்.

அன்றைக்கு அவர் சொன்னார்: "ஜனங்க காரணம் சொன்னா நம்பாதே. உடம்புக்கு என்ன தெரிஞ்சுதுன்னு சொன்னா, நம்பு." அதற்கு மேல் விளக்கமெல்லாம் சொல்லவில்லை. டீ குடிக்கப் போய்விட்டார்.

பல வருஷம் கழித்து அந்த ஒரு வார்த்தை ஒரு மனிதனைக் காப்பாற்றியது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் முன்பு. கிருத்திகை என்பதால் லீவு போட்டு வீட்டில் இருந்தேன். காலையில் மேனேஜர் போன் செய்தார். முந்தின நாள் டெலிவரி கொடுத்த கார், பூஜைக்காக திருத்தணி மலைக்கு வந்திருக்கிறது. இறங்கும்போது நடுரோட்டில் திடீரென்று நின்று, பின்சீட்டில் இருந்த சொந்தக்காரரின் அம்மாவுக்கு நெற்றியில் அடி. "நீங்க பக்கத்துல இருக்கீங்க சார், போய்ப் பாருங்க" என்றார்.

மலையடிவாரத்தில் டீக்கடை ஓரமாகக் கார் நின்றிருந்தது. நெற்றியில் மஞ்சள் குங்குமம் வைத்த புதுக்கார். சக்கரத்தில் எலுமிச்சம்பழத்தின் விதை ஒட்டியிருந்தது. ஒரு கீறல் இல்லை. சொந்தக்காரர் தாமோதரன், அம்மையார்குப்பத்துக்காரர். அப்பா காலத்துக் கைத்தறியில் தொடங்கி, விசைத்தறி போட்டு, இன்று வெளிநாட்டுக்குத் துணி அனுப்புகிறவர். மனிதர் கொதித்துக்கொண்டிருந்தார். கையில் கார் சாவி. அவருக்கு எதிரே, வெள்ளைச் சட்டையைக் கசக்கிப் பிடித்தபடி டிரைவர் முனிரத்தினம். அவன் இங்கே கே.ஜி.கண்டிகைக்காரன், நாற்பது வயதிருக்கும். எட்டு வருஷமாக அந்த வீட்டுக்கு வண்டி ஓட்டுகிறவன்.

"விடியறதுக்கு முன்ன எழுந்து கெளம்பினது சார்" என்றார் தாமோதரன். "இறங்கறப்போ தூங்கிட்டான். கண்ணு முழிச்சு, பயந்து, பிரேக்க ஒரே மிதி. நான் பின்னால போன் பாத்துகினு இருந்தேன். அம்மா பெல்ட் போடல. முன்சீட்டுல நெத்தி மோதி, மூக்குக்கண்ணாடி ஒடைஞ்சு, புருவம் கிழிஞ்சு ரத்தம். இன்னும் கொஞ்சம் கீழ எறங்கியிருந்தா கண்ணே போயிருக்கும். இப்பவே ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கப் போறேன். இனிமே இவன் எவன் வண்டியையும் தொடக் கூடாது."

"நான் மிதிக்கல சார்" என்றான் முனிரத்தினம். அதை அவன் எத்தனை தடவை சொல்லியிருப்பானோ, குரல் தேய்ந்திருந்தது.

"அப்ப காத்தா மிதிச்சுது?"

முன்னால் ஏதாவது குறுக்கே வந்ததா என்று கேட்டேன். ஒரு ஆடு கூட வரவில்லை, ரோடு காலியாக இருந்தது என்று இருவருமே சொன்னார்கள். அந்த ஒரு விஷயத்தில்தான் அவர்களுக்குள் ஒற்றுமை.

நம் கார்கள் தானாகவே பிரேக் போடும் என்பது உங்களுக்குத் தெரியும். முன்பக்கத்துச் சென்சார்கள் எதிரே எதையாவது பார்த்து, டிரைவர் கவனிக்கவில்லை என்று நினைத்தால், காரே நிறுத்திவிடும். ஆனால் எதிரே ஒன்றுமில்லை. முகப்பில் கம்பி கம்பியாக இருக்கும் கிரில்லின் நடுவே ரேடார் இருக்கும் இடத்தைக் குனிந்து பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

அதற்குள் மேனேஜர் மறுபடியும் போன் செய்தார். "சர்வர்ல பாத்துட்டோம் சார். எரர் ஒண்ணுமே இல்ல. வண்டி சுத்தம். டிரைவர் தப்புதான்னு சொல்லிட்டு வந்துடுங்க. அவரோட மச்சான் வேற நம்மகிட்ட வண்டி பாத்துகிட்டு இருக்காரு. கோபம் கம்பெனி மேல திரும்பிடப் போவுது."

மேனேஜரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்கு மேலே இருக்கிறவர்கள் அவரைப் பிடுங்குவார்கள். முழு விவரத்தையும் காரிலிருந்து எடுக்க வேண்டுமென்றால் சென்னை வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோக வேண்டும், வெளிநாட்டில் அனுமதி கேட்க வேண்டும், நாளாகும். அதற்குள் புகார் ஸ்டேஷனில் ஏறிவிடும். தூங்கி வண்டி ஓட்டினான் என்று ஒருமுறை பெயர் வாங்கிய டிரைவரை யார் கூப்பிடுவார்கள்? ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது.

நான் முனிரத்தினத்தைத் தனியே கூட்டிப் போனேன். எனக்கு முன்கோபம் உண்டு. அன்றைக்கு லீவு கெட்டுப்போன எரிச்சல் வேறு. இருந்தாலும் ஃபோர்மேன் ஞாபகத்துக்கு வந்தார்.

"ஏன் நின்னுச்சுன்னு எனக்குச் சொல்லாதே" என்றேன். "உன் உடம்புக்கு என்ன தெரிஞ்சுது? அத மட்டும் சொல்லு."

"ஒடம்புக்கா சார்?" அவன் யோசித்தான். "பெல்ட்டு. யாரோ பின்னாலருந்து பெல்ட்டப் புட்ச்சு இஸ்த மாரி இருந்திச்சு. இன்னாடா இதுன்னு பாக்கறதுக்குள்ள வண்டி நின்னுபோச்சு."

"வண்டி நின்னதால பெல்ட் இறுக்குச்சா?"

"இல்ல சார். பெல்ட்டுதான் மொதல்ல. அப்பறம்தான் வண்டி."

 மனிதன் பிரேக்கை மிதித்தால் முதலில் வண்டி குலுங்கும், பிறகுதான் பெல்ட் பிடிக்கும். காரே பிரேக் போடும்போதுதான் பெல்ட்டை முன்கூட்டியே இழுத்து ஆளைச் சீட்டோடு சேர்த்துக் கட்டும். அவன் அந்தக் காரை ஓட்டத் தொடங்கி ஒரு நாள்தான். இந்த வரிசையை இட்டுக்கட்டிச் சொல்ல அவனுக்கு வழியே இல்லை. கார் தானாகத்தான் நின்றிருக்கிறது, சந்தேகமே வேண்டாம். ஆனால் எதைப் பார்த்து?

அதைச் சொல்ல முடியாவிட்டால் என் பேச்சை யார் கேட்பார்கள்? கம்பெனியே எரர் இல்லை என்கிறது. நான் திரும்பத் திரும்பக் காரைப் பார்ப்பதைக் கண்டு முனிரத்தினத்துக்கு என்ன தோன்றியதோ, என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"உடு சார். தூங்கிட்டேன்னே சொல்லிடறேன். அந்தம்மா மொகத்துல ரத்தத்தப் பாத்ததுலேந்து எனக்கே டவுட்டா கீது. எல்லாரும் சொல்றாங்க. ஒருவேள நான்தான் மிதிச்சிட்டேனோ இன்னாவோ."

வேலை போவதைவிட எனக்கு இதுதான் பெரிதாகப் பட்டது. எட்டு வருஷம் வண்டி ஓட்டியவன் தன் காலையே நம்பாமல் போகிறான். இனி வேறு வேலை கிடைத்தாலும் அவனால் ஓட்ட முடியாது. "வாயை மூடுடா" என்று அதட்டினேன். கோபத்தில் இல்லை, பயத்தில்.

தாமோதரனின் அம்மாவையாவது விசாரிப்போம் என்று டீக்கடைப் பக்கம் போனேன். கனகம்மா பெஞ்சில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். புருவத்தில் மருந்துக்கடையில் ஒட்டிய பிளாஸ்திரி. தலைவலிக்காக நெற்றியைச் சுற்றி ஒரு அங்கவஸ்திரத்தை இறுக்கிக் கட்டியிருந்தார். நல்ல அகலச் சரிகை. வெயிலில் கண்ணைப் பறித்தது. அந்தச் சரிகை மேல் ஈரம் காயாத சந்தனமும் குங்குமப் பொட்டும்.

தலைவலிக்குக் கட்டிய துணிக்கு யார் பொட்டு வைத்தார்கள்?

"இது ஏதும்மா?" என்றேன்.

"மேல கோயில்ல வண்டிக்குக் கட்னதுப்பா" என்றார். "எங்க வூட்ல புதுசா எது வந்தாலும், தறியா இருந்தாலும் மோட்டாரா இருந்தாலும், வூட்டுத் தறியில நெஞ்ச துணிய மொதல்ல அதுக்குக் கட்டித்தான் சாமி கும்புடுவோம். இது நானே நெஞ்சது. அசல் வெள்ளிச் சரிகை. தல வலிச்சுதுன்னு அவுத்துக் கட்டிக்கினேன்."

"வண்டியில எங்கம்மா கட்டினீங்க?"

"மூஞ்சிலதான். வேற எங்க கட்டுவாங்க?"

வெள்ளிச் சரிகை என்றால் உலோகம், ரேடார் கண்ணுக்குச் சுவர் மாதிரி பளிச்சென்று தெரியும். அது ரேடாருக்கு நேர் எதிரே. 

தாமோதரனிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. "துணியப் பாத்து வண்டி நிக்குமா? டிரைவரக் காப்பாத்தறதுக்கு நல்லாத்தான் கத கட்றீங்க" என்றார். கட்டிப் பார்த்துவிடலாம் என்றேன். எங்கே செய்வது என்பதுதான் அடுத்த கவலை. மலைப்பாதையில் முடியாது. காவடி எடுத்து ஜனங்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். கே.ஜி.கண்டிகையைத் தாண்டி, கரும்புத் தோட்டத்துக்கு நடுவே போகும் காலி ரோட்டுக்குக் கூட்டிப்போனேன். கனகம்மாவைப் புளியமரத்தடியில் இறக்கிவிட்டேன். காருக்குள் இருக்கிறவர்கள் எல்லோரும் பெல்ட் போட வேண்டும் என்று கறாராகச் சொன்னேன்.

அங்கவஸ்திரத்தை கிரில்லின் குறுக்கே நானே இழுத்துக் கட்டினேன். நானே ஓட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. சென்சார் மறைக்கப்பட்டிருக்கிறது என்று திரையில் ஒரு வரி வந்தது, அவ்வளவுதான். திரும்பி வந்து இன்னும் கொஞ்சம் வேகமாக ஓட்டினேன். மறுபடியும் அதே ஒரு வரி. பக்கத்தில் இருந்த தாமோதரன் பெருமூச்சு விட்டார். "போதும் சார். எனக்கு ஸ்டேஷனுக்கு நேரமாவுது."

சட்டைப் பையில் போன் அடித்தது. மேனேஜர். எடுக்கவில்லை. முனிரத்தினம் மரத்தடியில் தலையைக் குனிந்து நின்றான். அந்த இடத்தில் நான் தோற்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அப்போது கனகம்மா எழுந்து வந்தார். கார் முன்னால் நின்று, நான் கட்டியதை ஒரு பார்வை பார்த்தார். மருமகள் வைத்த குழம்பை மாமியார் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"இன்னாப்பா இது, பொணத்துக்குக் கட்ற மாரி இஸ்து கட்டிக் கீற? நெஞ்சவ கையில குடுத்திருந்தா கட்டியிருக்க மாட்டேனா? தலப்பு தொங்கணும். சரிகைய மடிச்சு உள்ள வுட்டா, சாமிக்குக் காட்டாம ஒளிச்ச மாரி."

அவிழ்த்து அவரே கட்டினார். ஒரு பக்கம் முடிச்சு. மறுபக்கம் சரிகைத் தலைப்பு ஒரு முழம் விரிந்து கிரில்லுக்கு முன்னால் தொங்கியது. காற்றில் அசைந்தது. இறுக்கிக் கட்டினால் ரேடார் தன்னை யாரோ மூடிவிட்டார்கள் என்று புரிந்துகொண்டு ஒதுங்கிவிடும். இப்படி ஒரு வெள்ளித் தலைப்பு எழுந்து எழுந்து விழுந்தால்? நம் கார்களைச் செய்தவர்கள் உலகத்தில் இருக்கிற பனி, மணல், மழை எல்லாவற்றையும் யோசித்திருப்பார்கள். அம்மையார்குப்பத்துத் தலைப்பை யோசித்திருக்க மாட்டார்கள்.

சாவியை முனிரத்தினத்திடம் நீட்டினேன். தாமோதரன் தடுத்தார். "அவன் கால நீங்களே பாத்துகினு வாங்க" என்றேன். முனிரத்தினம் வாங்கத் தயங்கினான். "நான் மிதிச்சிட்டா, சார்?" என்று மெதுவாகக் கேட்டான். "மிதிச்சா மிதிச்சுட்டுப் போ. எப்பவும் போல ஓட்டு" என்றேன்.

தாமோதரன் முன்சீட்டில் பக்கவாட்டில் திரும்பி, குனிந்து, அவன் வலது காலையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் பின்னால் இருந்தேன். கார் வேகமெடுத்தது. கரும்பு இரண்டு பக்கமும் ஓடியது. வெள்ளையாக ஏதோ பானெட் விளிம்பில் எழுந்ததைப் பார்த்தேன். பெல்ட் என் தோளைப் பிடித்து இழுத்தது. அடுத்த கணம் கார் எதிலோ முட்டியதுபோல் நின்றது.

 தாமோதரன் நிமிரவே இல்லை. இன்னும் அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முனிரத்தினத்தின் கால் ஆக்சிலேட்டர் மேலேயே இருந்தது.

"எடுக்கவே இல்ல" என்றார் அவர். "கால எடுக்கவே இல்லியே."

"நான் மிதிக்கல சார்" என்றான் முனிரத்தினம். காலையிலிருந்து சொன்ன அதே வார்த்தைதான். இந்தத் தடவை அது அவன் காதிலேயே விழுந்தது போல. ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்து அழுதான். தாமோதரன் அவன் முதுகில் கை வைத்தார், எடுத்தார், மறுபடியும் வைத்தார். "தப்பு என்னுதுடா. மன்னிச்சிருடா முனி" என்றார். முதலாளிகள் அப்படிச் சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை. அவர் மேல் எனக்கு அன்றிலிருந்து மரியாதை.

இன்றைக்கு டெலிவரி கொடுக்கும்போது, "பூஜைக்கு எதைக் கட்டினாலும், கிளம்பும் முன் முன்பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள்" என்று நீங்கள் சொல்கிறீர்களே, அது அந்தக் கரும்புத் தோட்டத்து ரோட்டிலிருந்து வந்தது. மேனேஜர் என்மேல் கோபப்பட்டார், மறுநாள் தானே மேலிடத்தில் பேசி அதை வழக்கமாக்கினார். அவருக்கு நன்றி. ஒரு தித்திப்பு வாசனைக்காக மூடிய காருக்குள் வியர்த்து உட்கார்ந்திருந்த ஃபோர்மேனுக்கு, கோபித்தாலும் பரவாயில்லை, நன்றி. அவர் இல்லையென்றால் நான் எரர் இல்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பேன். எரர் காட்டாத காரைப் பற்றி ஒருவன் வந்து சொன்னால், அவன் உடம்பு சொன்னதைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். நான் உங்களிடம் கேட்பது இவ்வளவுதான்.

அன்றைக்கு வண்டியை மெதுவாக உருட்டித் திரும்பி வந்தபோது கனகம்மா மரத்தடியில் நின்றிருந்தார். நடந்ததை மகன் சொன்னார். அந்த அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது.

"அப்ப என் கையால ஆனதா?" என்று என்னைக் கேட்டார். "நான் கட்னதுக்கா அவன அடிக்காத கொறையா பேசினோம்?"

 துணி குற்றமா, கார் குற்றமா, பக்தி குற்றமா? எதுவும் இல்லைதான். ஆனால் அதை நான் வாயைத் திறந்து சொல்வதற்குள் அவர் காரின் முன்னால் போய்விட்டார். அங்கவஸ்திரத்தை அவிழ்த்தார். தூசியை உதறினார். சரிகை வெளியே தெரியும்படி நீளவாக்கில் மடித்தார்.

"முனி, இங்க வா. குனி."

அவன் புரியாமல் குனிந்தான். கோயிலில் பெரிய மனிதர்களுக்குப் பரிவட்டம் கட்டுவார்களே, அதுபோல அவன் தலையைச் சுற்றி அந்தத் துணியைக் கட்டினார். தலைப்பு அவன் தோளில் தொங்கும்படி விட்டு, ஒருமுறை நீவிவிட்டார்.

"சாமிக்குக் காட்டியாச்சு" என்றார். "இனிமே இது உன்னுது. வண்டிய எடு நைனா, வூட்டுக்குப் போலாம்."

அவன் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தான். கனகம்மா பின்சீட்டில் ஏறி, முதல் வேலையாகப் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார்.